ஏரிக்கரை வகுப்பு: மூன்று ஞாயிறுகள் நன்று, ஒரு ஞாயிறு வீண்

பெங்களூரில் பள்ளி செல்லும் பிள்ளையை வைத்திருக்கும் எவருக்கும், மார்ச் மாதம் பிறந்தவுடன் கைப்பேசியில் வந்து குவியும் கோடை வகுப்பு விளம்பரங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை. ரோபோ செய்வது, சதுரங்கம், கீபோர்டு என்று நீளும் அந்தப் பட்டியலுக்கு நடுவே, நீர் மாசு ஏரியில் வாழும் உயிர்களை என்ன செய்கிறது என்பதை எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறுவர்க்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையிலேயே கற்றுத்தரும் வகுப்பு ஒன்றின் அறிவிப்பு வந்தபோது, பத்து வயதான என் மகளைவிட எனக்கே ஆவல் மிகுதியாக இருந்தது. கட்டணம் 2,800 ரூபாய். நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றும் 24 பக்கக் கையேடு ஒன்றும் அதில் அடக்கம். பதினெட்டுப் பிள்ளைகள், மூன்று பயிற்றுநர்கள். பெற்றோரில் ஒருவர் உடன் இருக்கலாம் என்றார்கள். நான் நான்கு வாரமும் இருந்தேன்.

நடத்துவோரின் பெயரையும் ஏரியின் பெயரையும் இங்கே நான் குறிப்பிடவில்லை. குறைகளையும் சேர்த்தே எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதே அமைப்பில் வகுப்பு நடத்தும் வேறு குழுக்களும் நகரில் இருப்பதால், சேர்ப்பதற்கு முன் என்ன கேட்கவேண்டும் என்று தெரிவதே படிப்பவர்க்குக் கூடுதலாகப் பயன்படும் என்பது மற்றொன்று. ஏரி, நகரின் தென்கிழக்கில், பெல்லந்தூருக்கும் வர்த்தூருக்கும் நீர் அனுப்பும் சங்கிலியில் ஒரு கண்ணி என்பது மட்டும் போதும்.

முதல் ஞாயிறு வீணாயிற்று. பிள்ளைகளுக்குக் கையுறையும் சாக்கும் கொடுத்து, கரையோரம் கிடந்த நெகிழிப் பைகளையும் பொட்டலத் தாள்களையும் பொறுக்கவைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பதினொரு சாக்குகள் நிரம்பின. சாக்குகளோடு ஒரு படம். பிறகு வலக்கையை நீட்டி ஒரு உறுதிமொழி. கரையில் கிடக்கும் தூண்டில் நரம்பும் அறுந்த வலையும் நீர்க்காகத்தின் காலிலும் அலகிலும் சுற்றிக்கொண்டு அதைப் பட்டினியால் கொல்லும் என்பதால், பொறுக்கியதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் என் மகள், "இனிமே யாரும் குப்பை போடலைன்னா ஏரி சரியாயிடும், இல்லப்பா?" என்று கேட்டபோது, அந்தக் காலை அவளுக்குக் கற்பித்தது என்ன என்பது எனக்கு விளங்கிவிட்டது. பெங்களூரின் ஏரிகளில் மீன்கள் கூட்டமாக மடிவதற்குக் கரையில் கிடக்கும் பொட்டலத் தாள் காரணமன்று. கண்ணுக்குக் குப்பையாகத் தெரியாத கழிவுநீரே முதற்காரணம். அது பிள்ளைகள் வீசியெறிவதன்று, நம் எல்லோர் வீட்டிலிருந்தும் குழாய்வழியே போவது. இந்த வேறுபாட்டைச் சொல்லாத வகுப்புக்கு நீர் மாசு வகுப்பு என்ற பெயர் பொருந்தாது. மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூட அன்று மாலை எண்ணினேன்.

கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று, ஏனெனில் இரண்டாவது ஞாயிறு இந்த வகுப்பின் உயிர்நாடி. காலை ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரையில் நிற்கவேண்டும் என்று முன்னிரவே செய்தி வந்தது. பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். ஏன் அவ்வளவு விடியலில் என்பதற்கு விளக்கமும் தரப்படவில்லை. மீன்வளம் படித்த பயிற்றுநர் ஒருவர் பிள்ளைகளை மதகுக்கு அருகில் குந்தவைத்து, ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் நீரின் மேற்பரப்பை மட்டும் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் வரவர, நீர்மட்டத்தில் சிறு சிறு வட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு ஜிலேபிக் கெண்டையின் வாய் மேலெழுந்து திறந்து மூடியது. மீன்கள் இரை தேடுகின்றன என்று ஒரு சிறுவன் சொன்னான். பயிற்றுநர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோதனைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

பெட்டியில் இருப்பவற்றுள் மிகப் பயனுள்ளது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் மாத்திரைகள்தாம். சிறு கண்ணாடிக் குழாயை நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே தங்காமல் விளிம்புவரை நிரப்பி, மாத்திரைகளை இட்டு மூடி, குலுக்கிச் சில நிமிடம் காத்திருந்தால், ஆக்சிஜனின் அளவுக்கேற்ப நீர் நிறம் மாறும். அதை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிடவேண்டும். லிட்டருக்கு 0, 4, 8 மில்லிகிராம் என்று அட்டையில் மூன்றே கட்டங்கள் உள்ளன. ஆய்வகத்துக்கு இது போதாது. பத்து வயதுக்குத் தாராளமாகப் போதும். குமிழி தங்கிவிட்டதால் முதலில் ஆறு குழாய்களின் நீரைக் கீழே கொட்டவேண்டியதாயிற்று. மறுபடி செய்தபோது, பெரும்பாலான குழாய்களில் நிறம் 0-க்கும் 4-க்கும் இடையில் வெளிறி நின்றது. வனவிலங்குகளுக்கும் மீன்களுக்கும் தகுதியான 'டி' வகை நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. மேலே வந்த வாய்கள் தேடியது இரையையன்று என்பதைப் பயிற்றுநர் சொல்லும் முன்பே இரண்டு பெண் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வகுப்பு என்று எழுதியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. பதினொரு மணிக்கு, வெயில் ஏறி நீர் பாசிப்பச்சையாக மின்னிக்கொண்டிருந்தபோது, அதே இடத்தில் அதே சோதனையை மீண்டும் செய்யச் சொன்னார். நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போயிருந்தது. ஐந்து மணி நேரத்தில் ஏரி சுத்தமாகிவிட்டதா என்று அவர் கேட்டபோது, பதினெட்டில் பதினொருவர் ஆமென்று கை தூக்கினார்கள். உண்மையைச் சொன்னால் என் கையும் பாதிவரை எழுந்தது. பகலில் பாசி சூரிய ஒளியைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. இரவிலோ பாசியும் மீனும், கழிவுநீரைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களும் ஒரே சேமிப்பிலிருந்து மூச்சுக்கு எடுக்கின்றன. ஆகையால் சேமிப்பு மிகவும் வற்றிப்போவது விடியலுக்குச் சற்று முன்பு. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம் என்பதால், பச்சை கூடக்கூடப் பகலின் ஏற்றமும் இரவின் இறக்கமும் பெரிதாகின்றன. பகல் பதினொரு மணிக்கு மட்டும் சோதித்துப் போகிறவர் ஏரிக்கு நற்சான்று எழுதிவிட்டுப் போவார். அளவையை எந்த வேளையில் எடுத்தாய் என்று கேட்கும் பழக்கம் என் மகளுக்கு அன்று வந்தது. பள்ளியில் ஓராண்டு அறிவியல் பாடம் அதைத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சேமிப்பு எவ்வளவு சிறியது என்பதையும் அவர் எண்ணாலேயே காட்டினார். ஒரு லிட்டர் காற்றில் பெங்களூரின் உயரத்தில் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. வெதுவெதுப்பான ஒரு லிட்டர் நீரில் இயல்பாகக் கரைந்து நிற்பதோ 7 அல்லது 8 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். கோடை முடிவில் முதல் மாம்பழ மழை, சாக்கடைகளில் மாதக்கணக்கில் தேங்கிய கசடையெல்லாம் ஒரே இரவில் ஏரியில் கொண்டுவந்து கொட்டினால், அந்தச் சிறு கையிருப்பு எத்தனை மணி நேரம் தாங்கும்? திருவள்ளுவர் சிலை நிற்கும் அல்சூர் ஏரிக்கரையில் 2016 மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைப் பற்றி அவர் சொன்னபோது, அல்சூரில் பிறந்து வளர்ந்த தந்தை ஒருவர் அந்த வாரத்து நாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, நெடுநேரம் பேசினார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பைக் கொண்டிருப்பதால் இத்தகைய இரவுகளைத் தாண்டிவிடுகிறது என்பதும், கெட்டுப்போன ஏரியில் மீன் இருக்கிறது என்பதையே நல்ல அறிகுறியாகக் கொள்ளக்கூடாது என்பதும் அங்கே கிடைத்த துணைப்பாடம்.

மூன்றாம் ஞாயிறு வலையும் வெள்ளைத் தட்டும். கரையோரச் சேற்றையும் நீர்ச்செடிகளையும் வலையால் அலசி, தட்டில் கவிழ்த்து, என்ன நெளிகிறது என்று பார்ப்பது. இதற்குப் பிள்ளைகளிடம் ஊக்கம் ஊட்டவேண்டிய தேவையே இல்லை. நகரின் மழைநீரோடு கழிவுநீரையும் கொண்டுவரும் பெருவடிகாலான ராஜகால்வாய் ஏரிக்குள் நுழையும் வாயில் எடுத்த தட்டில், மெல்லிய செந்நூல் துண்டுகளைப்போல் ஒருவகைக் கொசு ஈயின் புழுக்கள் மட்டுமே மிகுந்திருந்தன. அவற்றின் உடலில் நம் குருதியில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால், ஆக்சிஜன் மிகக் குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கும். மறுகோடியில், நாணல் அடர்ந்த பக்கத்தில் எடுத்த தட்டில் நத்தைகளும், நீச்சல் பூச்சிகளும், தும்பியின் இளவுயிரிகள் இரண்டும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று முகத்துக்குக் கீழே மடித்துவைத்திருந்த தாடையைக் கைபோல நீட்டி ஒரு புழுவைப் பிடித்தபோது எழுந்த கூச்சலில், நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள்கூட நின்று எட்டிப்பார்த்தார்கள். எந்தத் தட்டில் எத்தனை வகை என்று எண்ணி எழுதவைத்தார்கள். ஒரே வகை உயிர் பெருகிக் கிடப்பதும், பலவகை உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த எண்ணிக்கையே உணர்த்திவிட்டது.

அன்று எனக்குப் பிடித்த இன்னொன்று, சோப்பின் விளைவைக் காட்டிய விதம். நீர்மேல் நடக்கும் பூச்சியின் அருகே சோப்புத் துளியை விட்டு அது மூழ்குவதைக் காட்டும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டு. இவர்கள் பூச்சியைப் பார்க்க மட்டும் விட்டுவிட்டு, கிண்ணத்து நீரில் குண்டூசியை மிதக்கவைத்துச் சோப்புத் துளியை இட்டார்கள். குண்டூசி உடனே அடியில் போய்விட்டது. நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குலைக்கும் அதே சலவைப் பொருள்கள்தாம் மீனின் செவுள்களைப் புண்ணாக்குகின்றன என்பதும், பெல்லந்தூரிலும் வர்த்தூரிலும் நீர் விழும் இடங்களில் நுரை மலையாக எழுவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் அதிலிருந்து எளிதாக விளங்கின. பெல்லந்தூர் ஏரியில் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பிடித்த செய்தியைச் சொன்னபோது, நீர் எப்படி எரியும் என்று கேட்காத பிள்ளை இல்லை.

பறவைப் பகுதியில்தான் இடறல். கையேட்டின் ஒன்பதாம் பக்கம், பறவைகள் மிகுதியாக இருந்தால் ஏரி நலமாக இருக்கிறது என்று பொருள் என்கிறது. ஆனால் அன்று கால்வாய் வாயருகே, கறுத்த ஆழமற்ற நீரில், நெடுங்கால் உள்ளான்கள் நாற்பதுக்கும் மேல் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. அவை தின்றது தட்டில் நாம் பார்த்த செம்புழுக்களைத்தான் என்று பறவைகளைக் காட்டிய பயிற்றுநரே சொன்னார். கூழைக்கடாவும் முக்குளிப்பானும் மீன்கொத்தியும் மறுகரையில் இருந்தன. ஆகவே எத்தனை பறவை என்று எண்ணுவதைவிட எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே சரி. களத்தில் சொன்னது உண்மை, கையேட்டில் அச்சிட்டது பிழை என்றால், வீட்டுக்கு எடுத்துப்போகும் பிள்ளையின் கையில் எஞ்சுவது பிழைதான். உணவுச் சங்கிலியில் நஞ்சு சேர்ந்துகொண்டே போவதை மிட்டாய்களைக் கொண்டு விளக்கிய விளையாட்டு, கூழைக்கடாவாக இருந்த சிறுவன் எல்லாவற்றையும் தின்றுவிட்டதால் சண்டையில் முடிந்தது. அதைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

சோதனைப் பெட்டியைப் பற்றி வாங்குவோர் அறியவேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் பகட்டாகத் தெரிவது, பேனா வடிவத்தில் எண் காட்டும் டிடிஎஸ் மீட்டர். பிள்ளைகள் நாள் முழுதும் அதையே எடுத்து எதிலாவது முக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஆர்ஓ நீர்ச் சுத்திகரிப்பான் விற்க வருகிறவர் அதைத்தான் காட்டுவார் என்பதால் பெற்றோரும் அதை நம்பினார்கள். அது அளப்பது நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதையே. அதிலிருந்து கரைந்த உப்புகளின் அளவைக் கணிக்கிறது. மலக்கிருமியும் ஆக்சிஜன் குறைவும் பூச்சிமருந்தும் அதன் கண்ணுக்குத் தெரியா. என் மகள் எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஏரி நீரிலும் அதை முக்கிப் பார்த்தாள். கிணற்று நீர்தான் கூடுதலான எண்ணைக் காட்டியது. அப்படியானால் ஏரி நீரைக் குடிக்கலாமா என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை கையேட்டில் இல்லை. அந்த மீட்டருக்குப் பதிலாக, கிருமிக் கலப்பு இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துப்போகும் எச்2எஸ் சோதனைக் குப்பிகள் இரண்டை வைத்திருந்தால் பெட்டி இரு மடங்கு பயன் தந்திருக்கும்.

தூய்மை ஏற்பாடுகளில் கண்டிப்பு போதவில்லை. கழிவுநீர் கலக்கும் ஏரி என்று கற்பித்துக்கொண்டே, முதல் இரண்டு வாரமும் பெரியவர் அளவுக் கையுறைகளைக் கொடுத்து, கை கழுவச் சோப்பும் தண்ணீரும் வைக்காமல் சானிட்டைசரோடு நிறுத்திக்கொண்டார்கள். எலிக்காய்ச்சல் போன்றவை பரவ வாய்ப்புள்ள இடத்தில் இது பொறுக்கத்தக்கதன்று. நானும் வேறொரு தாயும் எழுதிக் கேட்டபின், மூன்றாம் வாரத்தில் சிறிய கையுறைகளும் குழாய் பொருத்திய தண்ணீர்க் கேனும் வந்தன. கழிப்பறை மட்டும் கடைசிவரை இல்லை. கரையை ஒட்டியிருந்த ஓட்டல்காரரின் நல்ல மனத்தால் காலம் ஓடிற்று.

பாடம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நடந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது குறையாகப்படவில்லை. எனக்குத்தான் ஊடே ஊடே ஒரு வேலை கிடைத்தது. நீர் வெளியேறும் 'தூபு' நம் தூம்புதான், 'காலுவே' நம் கால்வாய்தான், நீரைப் பங்கிட்டுவிட்ட 'நீருகண்டி' நம் ஊர் நீர்ப்பாய்ச்சிதான் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த ஏரிகள் தாமாகத் தோன்றியவையல்ல, மேலேரி நிரம்பிக் கீழேரிக்கு வழியும்படி மனிதர் வெட்டியவை என்பது அவளுக்கு அந்தச் சொற்களின் வழியாகவே புரிந்தது.

நான்காம் ஞாயிறு, பக்கத்து அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிய பிள்ளைகள், பழுப்பு நிற நீர் கொதிப்பதுபோல் குமிழியிடும் தொட்டியைக் கண்டதும் வாயடைத்து நின்றார்கள். ஏரியில் நுண்ணுயிர் செய்யும் அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. இங்கே அதற்கு வேண்டிய காற்றை மின்சாரத்தில் ஓடும் ஊதி கொடுக்கிறது, அங்கே மீனின் பங்கிலிருந்து போகிறது. ஊதியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு சிறுவன் கேட்டதற்கு, நிலையத்தை இயக்குபவர் சிரித்துக்கொண்டே, "மின்கட்டணம் குறையும்" என்றார். பெற்றோர் சிலர் சிரிக்கவில்லை. முதல் ஞாயிறு செய்யவேண்டியதும் இதுவே. இங்கே தொடங்கி, குழாயைப் பின்தொடர்ந்து ஏரிக்குப் போயிருந்தால் உறுதிமொழியே தேவைப்பட்டிருக்காது.

கடைசியாகக் கையேட்டின் வரைபடம். மேலேரிகள், பெல்லந்தூர், வர்த்தூர் என்று நீலக்கோடு அழகாக இறங்கி, வர்த்தூருக்குக் கீழே பக்கத்தின் விளிம்பில் நின்றுவிடுகிறது. என் மாமனாருக்கு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் பாசனத்தில் நிலம் உண்டு. வர்த்தூரிலிருந்து வழிவது தென்பெண்ணையாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து அந்த அணையில்தான் முதலில் நிற்கிறது. மதகைத் திறக்கும்போது அங்கேயும் நுரை எழுவதை அவர் ஆண்டுதோறும் பார்க்கிறார். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர். அது குளியலறை வழியாகக் கீழிறங்கித் தென்பெண்ணையில் போய்ச் சேர்கிறது என்பதை மகளுக்குச் சொன்னபோது, அவள் நம்பாமல் தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். பிறகு கையேட்டின் அடியில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடலூர் என்று பென்சிலால் கோட்டை நீட்டினாள். கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில் தாத்தாவின் வயலுக்குச் சிறிதாக ஒரு சதுரம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நடத்துவோருக்கு அனுப்பினேன். அடுத்த அச்சில் சேர்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பெட்டியில் ஆக்சிஜன் மாத்திரைகள் நான்கு மீதம் உள்ளன. அவற்றை எவரும் தொடக்கூடாது என்றும், ஓசூருக்குப் போகும்போது விடியலில் இரண்டு, பதினொரு மணிக்கு இரண்டு என்றும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.